ஒலி எஞ்சினோடு சேர்ந்து ஓட வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். இரண்டு வாரங்களுக்கு முன் உங்கள் ஞாயிறு இணைப்பில் மாதிரி ரயில்களைப் பற்றி முழுப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. ஒரு தமிழ் நாளிதழில் இதற்கு இவ்வளவு இடம் கிடைத்ததே எனக்குப் பெரிய சந்தோஷம். பக்கத்தைக் கத்தரித்து வைத்திருக்கிறேன். ஆனால் அதில் இரண்டு விஷயங்களைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. ஒன்று, கட்டுரையோடு வந்த படத்தில் உள்ள பிழை. அதைப் பார்த்து வேலை செய்பவருக்குக் கை சுடும். இன்னொன்று, "என்-ஸ்கேல் போன்ற பொடி எஞ்சின்களுக்குள் ஸ்பீக்கர் வைப்பது வீண் வேலை, மேசைக்கு அடியில் ஒரு பெரிய ஸ்பீக்கரை வைத்துவிட்டால் போதும்" என்ற வரி. இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

படத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அதுதான் அவசரம்.

எஞ்சினுக்குள் இருந்துகொண்டு, தண்டவாளம் வழியாக வரும் கட்டளையைக் கேட்டு மோட்டாரையும் சத்தத்தையும் இயக்குகிற சின்னப் பலகைதான் ஒலி டிகோடர். அதற்கு, கொஞ்சம் மின்சாரத்தைச் சேமித்து வைக்கிற கெப்பாசிட்டர் எதற்கு என்று கட்டுரை சொல்லவில்லை. தண்டவாளத்தில் ஒரு தூசு, சக்கரத்தில் கொஞ்சம் கறுப்பு, இது போதும், ஒரு கணம் மின்சாரம் அறுந்துவிடும். ஒலி இல்லாத எஞ்சின் என்றால் லேசாகத் திணறிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். ஒலி டிகோடர் அப்படியில்லை. மின்சாரம் அறுந்தால் அது அணைந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஓடிக்கொண்டிருந்த டீசல் எஞ்சின் நடுவழியில் வாயடைத்துப்போய், புதிதாக ஸ்டார்ட் ஆகிற சத்தத்தைப் போடும். அந்த ஒரு கணத்தைத் தாங்கத்தான் கெப்பாசிட்டர். டான்டலம் என்கிற வகையில் 220 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஐந்தை இணையாகச் சேர்த்தால் 1,100 கிடைக்கும். 100 மில்லியாம்பியர் இழுக்கிற எஞ்சினில் 12 வோல்ட் 7-க்கு இறங்குவதற்குள் சுமார் 55 மில்லிநொடி ஆகும். நிஜ ரயிலின் 20 கிலோமீட்டர் வேகத்துக்குச் சமமாக ஊர்ந்து போகிற என்-ஸ்கேல் வண்டி அதற்குள் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். ஒரு தூசைத் தாண்ட அவ்வளவு போதும்.

உங்கள் படத்தில் டான்டலம் கெப்பாசிட்டரில் பட்டை போட்ட முனையை மைனஸ் என்று குறித்திருக்கிறார்கள். உருண்டையான அலுமினியக் கெப்பாசிட்டருக்கு அது சரி. தட்டையான மஞ்சள் அல்லது கறுப்பு டான்டலத்தில் பட்டை போட்ட முனை பிளஸ். வரைந்தவர் ஒன்றைப் பார்த்து மற்றதை வரைந்திருக்கிறார் என்று நினைக்கிறேன். நானும் அதே தவறைச் செய்தவள். ஒரு நாள் அலுமினியம் இரண்டைப் பொருத்திவிட்டு, அதே கையோடு, அதே நினைப்போடு டான்டலத்தை எடுத்து வைத்தேன். மின்சாரம் கொடுத்ததும் இரண்டு மூன்று நொடி ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் 'டப்' என்று ஒரு சத்தம், ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொறி, தொண்டையைப் பிடிக்கிற நாற்றம். பக்கத்தில் இருந்த டிகோடர் போய்விட்டது. எஞ்சின் கூட்டின் கூரை ஒரு ஓரத்தில் உருகி உள்ளே மடிந்துவிட்டது. மூடியைப் போட்டு, கையில் பிடித்தபடி சோதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பேன்.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டிகோடரிலிருந்து வரும் கறுப்பு வயரை மைனஸ் என்று நினைத்துக் கெப்பாசிட்டரை அதில் கட்டுபவர்கள் உண்டு. கறுப்பும் சிவப்பும் இரண்டு தண்டவாளங்களிலிருந்து வருபவை. அவற்றில் பிளஸும் மைனஸும் நொடிக்குப் பல்லாயிரம் தடவை மாறிக்கொண்டே இருக்கும். கெப்பாசிட்டரின் பிளஸ் நீல வயருக்குப் போக வேண்டும், மைனஸ் டிகோடர் பலகையில் அதற்கென்று இருக்கிற கிரவுண்ட் புள்ளிக்குப் போக வேண்டும். சார்ஜ் ஆகும்போது ஒரேயடியாக இழுக்காமல் இருக்க 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, அதற்கு இணையாக ஒரு டயோடு. சில டிகோடர்களில் இதெல்லாம் உள்ளேயே இருக்கும், அதன் கையேட்டைப் பார்த்துக்கொள்ளலாம். 16 வோல்ட் கெப்பாசிட்டரை 12 வோல்ட் தண்டவாளத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெரிய ஸ்கேல்காரர்கள் 15, 16 வோல்ட் வைத்து ஓட்டுவார்கள், அங்கே 25 வோல்ட் கெப்பாசிட்டர் வேண்டும்.

சரி, இனி அந்த வரி.

நான் 27 வருஷம் காது மெஷின் பழுதுபார்த்தவள். காதுக்குள் வைக்கிற அந்தச் சின்னப் பொருளில் மைக், பேட்டரி, பலகை, ஒரு அரிசி மணியளவு ஸ்பீக்கர் எல்லாம் அடங்கியிருக்கும். ஆகவே இடம் போதாது என்று யாராவது சொன்னால் எனக்கு அது முடிவான பதிலாகப் படுவதில்லை. ஆனால் என் தொழில் காரணமாக நான் இதில் இறங்கவில்லை. அண்ணனுக்காக இறங்கினேன்.

அண்ணன் சின்ன வயதிலிருந்து ரயில் பைத்தியம். என்-ஸ்கேலில்தான் ஓட்டுகிறார். 9 மில்லிமீட்டர் தண்டவாளம் என்பதால் வந்த பெயர் அது. நிஜத்தில் 160 மீட்டர் நீளமுள்ள ரயில் அதில் ஒரு மீட்டர் நீளம். ஒரு கதவை மல்லாத்திப் போட்ட அளவு பலகையில் இரண்டு நிலையம், ஒரு மலை, ஒரு சுரங்கம் எல்லாம் கட்டியிருக்கிறார். எட்டு வருஷத்துக்கு முன் அவருக்குக் கண் அழுத்த நோய் என்று தெரிந்தது. பக்கப் பார்வை முழுதும் போய்விட்டது. நடுவில் மட்டும் ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் தெரியும். அந்தக் குழாய்க்குள் எஞ்சின் வந்துவிட்டால் அதன் நம்பரைக்கூடப் படித்துவிடுவார். ஆனால் எஞ்சின் எங்கே இருக்கிறது என்று தேடுவதற்குள் அது வளைவைத் தாண்டிப் போய்விடும். மெல்ல மெல்ல ரயில் ஓட்டுவதையே விட்டுவிட்டார். பலகை மேல் துணி போட்டு மூடியாயிற்று.

முதலில் நாங்களும் உங்கள் கட்டுரையாளர் சொன்னதைத்தான் செய்தோம். எஞ்சினுக்குள் சாதாரண டிகோடர் வைத்தோம். மேசைக்கு அடியில் ஒரு ஒலி டிகோடர், அதற்கும் அதே முகவரி (கட்டளை எந்த டிகோடருக்கு என்று சொல்லும் எண்), கையகல ஸ்பீக்கர் ஒன்று. ரெகுலேட்டரைத் திருப்பினால் மேலே வண்டி நகரும், கீழே சத்தம் ஏறும். சத்தம் அருமையாகத்தான் இருந்தது. அடிவயிற்றில் அதிர்கிற டீசல் சத்தம், பலகையில் கை வைத்தால் உள்ளங்கையில் தெரியும். நான் ரொம்பப் பெருமையாக அண்ணனைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். இரண்டு சுற்று கேட்டுவிட்டுத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, வண்டி மேசைக்கு அடியிலயா ஓடுது?" என்றார்.

அவ்வளவுதான். சத்தம் ஒரே இடத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. வண்டி சுரங்கத்துக்குள் போனபோதும், வெளியே வந்தபோதும், அவருடைய இடது கைப்பக்கம் நின்றபோதும் சத்தத்துக்கு ஒரே இடம்தான். பார்க்க முடிகிறவர்களுக்குக் கண் வண்டியைக் காட்டிவிடும், காது அதை நம்பிவிடும். கண் உதவாதபோதுதான் காது நிஜத்தைச் சொல்கிறது.

ஒரு சத்தம் எங்கிருந்து வருகிறது என்று நமக்கு எப்படித் தெரிகிறது? ஒரு காதுக்குக் கொஞ்சம் முன்னால், இன்னொரு காதுக்குக் கொஞ்சம் பின்னால் வந்து சேர்கிறது. இந்த வித்தியாசம் ஒரு மில்லிநொடிக்கும் குறைவு, ஆனால் மூளைக்கு அது போதும். உயர்ந்த சுருதி என்றால் நம் தலையே குறுக்கே நின்று மறைக்கிறது, அதனால் தூரத்துக் காதுக்குச் சத்தம் குறைகிறது. தாழ்ந்த சுருதிக்கு இந்த மறைப்பு இல்லை, அது தலையைச் சுற்றி வளைந்து போய்விடும். அதாவது இடத்தைக் காட்டிக்கொடுப்பதில் எஞ்சின் சத்தத்தில் இருக்கிற கீச்சு, சீறல், 'டிக் டிக்' எல்லாவற்றுக்கும் முக்கியமான பங்கு உண்டு. பொடி ஸ்பீக்கர் நன்றாகக் கொடுப்பதும் அவற்றையே. மேசைக்கு அடியில் வைத்த பெரிய ஸ்பீக்கரின் சத்தம் பலகையைத் தாண்டி வருவதற்குள் அவற்றைத்தான் முதலில் இழக்கிறது. பெரிய ஸ்பீக்கரில் அடிநாதம் கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் வண்டி எங்கே என்று சொல்ல மேல் சுருதிகளும் வேண்டும். அவை வண்டியோடு சேர்ந்து நகர வேண்டும்.

அப்படித்தான் எஞ்சினைத் திறந்தேன்.

நான் முதலில் எடுத்தது அமெரிக்க மாதிரி டீசல் எஞ்சின். நடுவில் ஒல்லியான உடம்பு, இரண்டு பக்கமும் நடைபாதை இருக்கும் வகை. உடம்பின் உள் அகலம் 10 மில்லிமீட்டர்கூடத் தேறாது. அந்த அகலமும் காலியாக இல்லை. பழைய என்-ஸ்கேல் எஞ்சின்களில் இடது வலது என இரண்டு உலோகப் பாதிகள் மோட்டாரைக் கவ்விப் பிடித்திருக்கும். எடை கொடுப்பது அவைதான், தண்டவாளத்திலிருந்து மின்சாரத்தைக் கொண்டுவருவதும் அவைதான். ஒரு பாதி ஒரு தண்டவாளத்துக்கு, மறு பாதி மறு தண்டவாளத்துக்கு. நடுவில் பிளாஸ்டிக் துண்டுகள் வைத்து ஒன்றையொன்று தொடாமல் திருகியிருப்பார்கள்.

இந்த வேலையில் டிகோடர்கள் அதிகம் சாவது இங்கேதான். மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கொண்டுபோகிற இரண்டு பிரஷ் தகடுகளும் அந்த உலோகப் பாதிகளைத் தொட்டுக்கொண்டிருக்கும். டிகோடர் போட்ட பிறகு மோட்டாருக்கு மின்சாரம் ஆரஞ்சு, சாம்பல் நிற வயர்கள் வழியாக மட்டுமே போக வேண்டும். உலோகத்தோடு ஒரு மயிரிழை தொடர்பு மீதியிருந்தாலும் தண்டவாளத்து மின்சாரம் டிகோடரின் வெளியீட்டுப் பக்கம் நேராக ஏறும். ஒரே நொடியில் முடிந்துவிடும். பிரஷ் தகட்டின் மேல் மின்சாரம் கடத்தாத கப்டான் டேப் இரண்டு சுற்று ஒட்டினேன், அதற்கு எதிரே இருக்கிற உலோகத்திலும் ஒரு துண்டு. அப்புறம் மல்டிமீட்டர். மோட்டாரின் ஒரு முனைக்கும் இடது பாதிக்கும், வலது பாதிக்கும், அதேபோல் மறு முனைக்கும், ஆக நான்கு தடவை. கையில் வைத்துப் பார்த்தபோது நான்கிலும் தொடர்பில்லை என்று வந்தது. திருகை இறுக்கிவிட்டு மறுபடி வைத்தேன், மீட்டர் கத்தியது. திருகு இறுகும்போது உலோக விளிம்பு டேப்பை வெட்டியிருக்கிறது. அன்றிலிருந்து விளிம்பை அரத்தால் மழுக்காமல் டேப் ஒட்டுவதில்லை. திருகை முழுதும் இறுக்கிய பிறகு வருகிற அளவைத்தான் நம்புகிறேன். அதற்கப்புறமும் நேராகத் தண்டவாளத்தில் வைக்கக் கூடாது. டிகோடரின் அமைப்புகளை மாற்றுவதற்கென்று இருக்கிற புரோகிராமிங் தண்டவாளத்தில்தான் முதல் சோதனை. அங்கே மின்சாரம் கொஞ்சமாகத்தான் போகும், தவறு இருந்தாலும் டிகோடர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். புது டிகோடரின் முகவரி 3. அதைப் படித்துக் காட்டினால் பாதி கிணறு தாண்டியாயிற்று.

இப்போது வரும் எஞ்சின்களில் பலவற்றில் நெக்ஸ்ட்18 சாக்கெட் இருக்கிறது. பதினெட்டு முனை, ஒலி வகையில் ஸ்பீக்கருக்கும் அதிலேயே இடம் உண்டு. டிகோடரை அழுத்தினால் உட்கார்ந்துவிடும். அப்படி வந்தால் பாக்கியம். நான் பேசுவது வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பழைய எஞ்சின்களைப் பற்றி.

இடத்துக்காக உலோகத்தை அரத்தால் தேய்க்க வேண்டியிருந்தது. ஒரு மாலை முழுக்கத் தேய்த்தேன். இதில் இரண்டு ஜாக்கிரதை. தூள் மின்சாரத்தைக் கடத்தும், மோட்டாரின் காந்தத்தைச் சுற்றி ஒரு துகளும் மிஞ்சக் கூடாது. அதனால் மோட்டாரை வெளியே எடுத்து டப்பாவில் மூடி வைத்துவிட்டுத்தான் அரத்தைத் தொடுவேன். தேய்த்த பாதிகளை சோப்புத் தண்ணீரில் கழுவி, காய வைத்து, லென்ஸ் வைத்துப் பார்த்த பிறகுதான் சேர்ப்பேன். அடுத்தது எடை. தேய்த்த ஒவ்வொரு கிராமும் இழுவையில் குறையும். அண்ணனுடைய எஞ்சின் பன்னிரண்டு பெட்டி இழுத்துக்கொண்டிருந்தது, ஏற்றத்தில் எட்டோடு நின்றுவிட்டது. டங்ஸ்டன் கைகொடுத்தது. எடுத்த துத்தநாகக் கலவையின் அடர்த்தி 7-க்கும் குறைவு, டங்ஸ்டன் 19-க்கு மேல். டீசல் டேங்கின் ஓரங்களிலும் கேபின் தரையிலும் மிஞ்சியிருந்த சந்துகளில் டங்ஸ்டன் துண்டுகளை டேப் சுற்றி வைத்ததில் பதினோரு பெட்டி திரும்பி வந்தது.

இனி ஸ்பீக்கர். இதற்காகத்தான் இந்தக் கடிதமே.

'சுகர் க்யூப்' என்று எல்லோரும் சொல்வது 11-க்கு 15 மில்லிமீட்டர் ஸ்பீக்கர். கைபேசிக்குள் இருக்கும் வகை. என் எஞ்சினுக்கு அதுவும் பெரிது, 8-க்கு 12 அளவில் ஒன்றை எடுத்தேன். வயர் கட்டி மேசை மேல் வைத்து ஒலிக்கவிட்டேன். கொசு மாதிரி ஒரு சத்தம். கட்டுரையாளர் இங்கேயே நிறுத்திவிட்டார் என்று நினைக்கிறேன். இந்த நிலையில் கேட்டால் யாரும் வீண் வேலை என்றுதான் சொல்வார்கள்.

ஸ்பீக்கரின் தகடு முன்னால் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. முன் பக்கம் காற்று நெருங்குகிற அதே கணத்தில் பின் பக்கம் காற்று விலகுகிறது. இரண்டும் ஓரத்தைச் சுற்றி வந்து ஒன்றையொன்று தின்றுவிடும், தாழ்ந்த சுருதியில் இது ரொம்ப அதிகம். பின் பக்கத்தை ஒரு பெட்டிக்குள் அடைத்துவிட்டால் முன் பக்கத்துச் சத்தம் முழுதாக நம்மிடம் வரும். ஸ்பீக்கரை எடுத்து, பின்னால் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் குவித்து அடைத்துப் பாருங்கள். கொசு எஞ்சினாக மாறும். முதல் தடவை அதைக் கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

பெட்டியை அரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகட்டில் வெட்டி ஒட்டினேன். மூட்டுகள் கண்ணுக்கு நன்றாகத்தான் இருந்தன. ஆனால் விரல் வைத்து அடைத்தபோது வந்த கனம் வரவில்லை. இங்கேதான் பழைய தொழில் உதவியது. காது மெஷினில் மோல்ட் என்று ஒன்று உண்டு, காதின் வடிவத்துக்கு வார்த்த அச்சு. அது சரியாகப் பொருந்தாமல் ஓரத்தில் சந்து விட்டால் தாழ்ந்த சுருதியெல்லாம் அந்த வழியாக ஒழுகிவிடும். "மெஷின் தகரம் மாதிரி பேசுது" என்று வருவார்கள். மெஷினில் ஒன்றுமே இருக்காது, மோல்ட்டில் சந்து இருக்கும். அதனால் பெட்டியை விளக்குக்கு நேரே பிடித்து லென்ஸில் பார்த்தேன். வயர் வெளியே வரும் துளையில், வயரைச் சுற்றி, பிறை நிலா மாதிரி வெளிச்சம் ஒரு கீற்று. ஊசி முனையில் வெள்ளைப் பசையை எடுத்து அந்த இடத்தில் ஒரு பொட்டு வைத்தேன், ஸ்பீக்கர் பெட்டியில் உட்காரும் ஓரம் முழுக்க ஒரு கோடு இழுத்தேன். இரவு முழுக்கக் காய விட்டேன். காலையில் ஒலிக்கவிட்டபோது அது வேறு எஞ்சின். டிகோடர் அதேதான், ஸ்பீக்கரும் அதேதான். ஒரு பொட்டுப் பசை மட்டும் கூடுதல்.

பெட்டி எவ்வளவு ஆழமோ அவ்வளவு நல்லது. உள்ளே காற்று குறைவாக இருந்தால் அது விறைத்துப்போய்த் தகட்டை அசைய விடாது, அடிநாதம் போய்விடும். ஆகவே இடம் மிஞ்சினால் பெரிய ஸ்பீக்கர் தேடாமல் பெட்டியின் ஆழத்தைக் கூட்டுங்கள். இரண்டு ஸ்பீக்கர் வைப்பதானால் ஓம்ஸ் பார்க்க வேண்டும். 8 ஓம் இரண்டை இணையாகக் கட்டினால் 4 ஓம். டிகோடர் 4 ஓமைத் தாங்கும் என்று கையேட்டில் இருந்தால் மட்டும் அப்படிக் கட்டலாம்.

இவ்வளவு செய்தாலும் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே இந்த ஸ்பீக்கரால் கொடுக்க முடியாது. அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் காது ஒரு காரியம் செய்யும். 60 ஹெர்ட்ஸ் சத்தம் என்றால் அதனோடு 120, 180, 240 என்று மடங்குகளும் வரும். கீழே இருப்பவை காணாமல் போய், 480, 540, 600 மட்டும் வந்தாலும், அவற்றுக்கிடையில் உள்ள 60 இடைவெளியைப் பிடித்துக்கொண்டு மூளை 60 ஹெர்ட்ஸைக் கேட்டதாக எடுத்துக்கொள்ளும். நிஜ டீசலைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது இன்னும் சுலபமாக வரும் என்பது அண்ணனைப் பார்த்து நான் சொல்வது.

சத்தத்தின் அளவைக் குறையுங்கள். டிகோடர்கள் வரும்போது மிக உரக்கவே வரும். டிகோடரின் ஒவ்வொரு அமைப்புக்கும் சிவி என்று ஒரு எண் உண்டு. சிலவற்றில் சிவி 63, வேறு சிலவற்றில் சிவி 266, மொத்த ஒலி அளவு அதில் இருக்கும். நான் மூன்றில் ஒரு பங்குக்குக் கொண்டுவந்துவிடுவேன். அரை மீட்டர் தள்ளி நின்று என்-ஸ்கேல் வண்டியைப் பார்ப்பது நிஜத்தில் 80 மீட்டர் தள்ளி நிற்பதற்குச் சமம். 80 மீட்டர் தூரத்து எஞ்சின் காதைப் பிளக்காது. குறைத்து வைத்தால் பொடி ஸ்பீக்கர் இரையாது, இரண்டு எஞ்சின் ஓடினால் எது எது என்றும் பிரித்துக் கேட்கலாம்.

இரண்டாவதாக நீராவி எஞ்சின் ஒன்றில் கை வைத்தேன். பிரிட்டனின் ஏ4 வகை. 1938 ஜூலை 3 அன்று மணிக்கு 203 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டு நீராவியின் உலகச் சாதனையைப் படைத்த மல்லார்ட் அந்த வகைதான். எஞ்சினுக்குள் இடமே இல்லை, எஞ்சினுக்குப் பின்னால் நிலக்கரியும் தண்ணீரும் சுமந்து வருகிற டெண்டருக்குள் டிகோடரும் ஸ்பீக்கரும் போயின. பொருத்துவது சுலபமாகவே முடிந்தது. ஓடவிட்டதும் அண்ணன் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"நாலு அடிக்குதும்மா. இதுக்கு ஆறு வரணும்."

இரண்டு சிலிண்டர் எஞ்சின் சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் நான்கு முறை 'சஃப்' என்று மூச்சு விடும். ஏ4-க்கு மூன்று சிலிண்டர், ஆறு மூச்சு. நான் ஏற்றியது பொதுவான ஒலிக் கோப்பு. சரியான கோப்பை மாற்றினேன், ஆனாலும் சக்கரத்தோடு ஒத்துப்போகவில்லை. அதை அளந்துதான் சரிசெய்ய வேண்டும். நிஜத்தில் அந்தச் சக்கரம் 2,032 மில்லிமீட்டர். பிரிட்டிஷ் என்-ஸ்கேல் 1:148, ஆக மாதிரியில் 13.7. ஒரு சுற்றுக்கு வண்டி 43 மில்லிமீட்டர் நகரும். தண்டவாளத்தின் ஓரமாக அளவுகோலை ஒட்டினேன். சக்கரத்தின் ஓரத்தில் வெள்ளைப் பெயின்ட் ஒரு புள்ளி. வேகப்படி 1-ல் ஊர விட்டு, புள்ளி கீழே வருவதிலிருந்து மறுபடி கீழே வருவதற்குள் எத்தனை மூச்சு என்று நான் கண்ணால் பார்த்தேன், அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு விரல் விட்டு எண்ணினார். ஏழு, ஏழு, ஆறரை, அப்புறம் ஆறு. டிகோடரில் மூச்சின் இடைவெளிக்கான எண்ணை ஒன்றிரண்டாக மாற்றி மாற்றி ஒரு பிற்பகல் போயிற்று. ஆறு வந்து நிலைத்ததும் அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "இன்னொரு சுற்று விடும்மா" என்றார். பதினைந்து சுற்று விட்டேன்.

இப்போது அவர் ஓட்டும் விதத்தைச் சொல்கிறேன். காதால் முதலில் வண்டியைப் பிடிக்கிறார். சத்தம் இடப்பக்கம் திரும்பியதும் முகத்தையும் அங்கே திருப்புகிறார், அந்தக் குழாய்ப் பார்வைக்குள் எஞ்சின் வந்து விழுகிறது. சுரங்கத்துக்குள் போனால் சத்தம் மங்குகிறது, வெளியே வரும்போது விரிகிறது. அதை வைத்தே நிலையத்தில் நிறுத்துவதற்கு எப்போது வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறார். மேசைக்கு அடியில் இருந்த பெரிய ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டோம்.

எல்லா எஞ்சினிலும் இது முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். இசட்-ஸ்கேலில் தண்டவாளமே 6.5 மில்லிமீட்டர், அதில் பல எஞ்சின்களுக்குள் ஸ்பீக்கர் போகவே போகாது. அதற்கும் மேசை அடி பதிலாகாது. எஞ்சினுக்கு அடுத்த பெட்டியில் டிகோடரையும் ஸ்பீக்கரையும் வைத்து, அந்தப் பெட்டிச் சக்கரங்களிலிருந்தே மின்சாரம் எடுக்கலாம். இழுக்காத டம்மி எஞ்சின் ஒன்றைப் பின்னால் சேர்த்து அதற்குள்ளும் வைக்கலாம். மோட்டார் இல்லாததால் அதில் இடம் தாராளம். சத்தம் எஞ்சினிலிருந்து ஒரு சில சென்டிமீட்டர் தள்ளி வரும், ஆனால் வண்டியோடு வரும்.

ஆசிரியர் ஐயா, உங்களிடம் கேட்பது இரண்டு. இப்படிப் பொருத்துவதைப் பற்றித் தமிழில் ஒரு செய்முறைக் கட்டுரை போடுங்கள். நான் எடுத்து வைத்திருக்கும் அளவுகள், வரைபடங்கள் எல்லாம் தருகிறேன், பெயர்கூடப் போட வேண்டாம். அது மெதுவாக வரட்டும். அதற்கு முன், வரும் ஞாயிறே, அந்தப் படத்துக்குத் திருத்தம் வர வேண்டும். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டால் என் அண்ணன் போன்றவர்களால் படிக்க முடியாது. பெரிய எழுத்தில், படத்தோடு, இப்படிப் போடுங்கள்: தட்டையான டான்டலம் கெப்பாசிட்டரில் பட்டை போட்ட முனை பிளஸ், அது நீல வயருக்குப் போக வேண்டும், மறு முனை மைனஸ், அது டிகோடரின் கிரவுண்டுக்கு, கறுப்பு வயருக்கு அல்ல.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி
(காது மெஷின் பழுதுபார்ப்பவர், ஓய்வு)